மறுமொழி: அப்பப்பாவின் தோணிக் கவிதை

தம்பி, காய்ச்சலில் கிடந்து எழும்பிய உங்கள் அப்பப்பா எழுதிய நாலு வரியைப் போட்டு, "யாப்பில்லாத புதுக்கவிதை, உணர்ச்சி சோகம் என்று விடைத்தாளில் எழுதலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியில்லை.

காய்ச்சல் விட்டபின் கடற்கரை வந்தேன்
துடுப்பைத் தொட்டதும் தோள்கள் நடுங்கின
மெல்ல வலித்தேன் மீண்டும்
அலையின் மேலே அசைந்தது தோணியே

ஒவ்வோர் அடியிலும் சீரை, அதாவது அசைகள் சேர்ந்த துண்டை, எண்ணுங்கள்: 4, 4, 3, 4. எல்லாம் ஈரசைச்சீர் (இரண்டு அசை கொண்டது), முடிவில் ஏகாரம். அச்சொட்டான நேரிசை ஆசிரியப்பா, மரபான பாவகைகளில் ஒன்று. பேச்சு மாதிரி ஓடுவதால் ஏமாந்துவிட்டீர்கள். அகவலின் (ஆசிரியப்பாவின் மறுபெயர்) குணமே அதுதான். ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தைய அடியில், ஒரு சீர் குறைவது இலக்கணம். ஆனால் இங்கே கிழவர் மூச்சு வாங்குகிற இடமும் அதுவே. வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

உணர்ச்சியும் ஒன்றல்ல. இளிவரல், அதாவது தாழ்வுணர்ச்சி, பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்வது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. முதல் இரண்டு அடியும் அதற்குள் அடங்கிவிடும். பிறகு பெருமிதத்துக்கு நகர்கிறது. அதற்குரிய கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கில் தறுகண்ணை, அதாவது அஞ்சாமையை, காட்டுங்கள்.

எனக்குப் பிடித்த சொல் 'வலித்தேன்'. திருகோணமலை உட்துறைமுகக் கரையில் வளர்ந்த உங்களுக்குத் துடுப்பு வலிப்பதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வலி என்றால் நோவு, வலி என்றால் பலமும்தான். தோள் நடுங்கியவர் அந்தச் சொல்லைப் பிடித்ததும் தற்செயலா என்ன?

அப்புறம், கடைசி அடியில் 'நான்' இல்லை, தோணிதான் அசைகிறது. விடைத்தாளில் அதை விட்டுவிடாதீர்கள்.