இறாலா, கூனியா, கடல் பேன் வகையா? கால்களைப் பார்த்துச் சொல்லலாம்

கேள்வி (மண்டபம்): கரையில் ஒதுங்கும் கடற்புல்லை வாளித் தண்ணீரில் உதறினால் அரிசி அளவில் நிறைய பூச்சிகள் விழுகின்றன. ஆம்ஃபிபாட் எது, ஐசோபாட் எது?

இரண்டுமே இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்த குட்டி உயிரிகள். தட்டில் கொஞ்சம் கடல்நீரோடு விடுங்கள். ஒருக்களித்துக் கிடப்பது பெரும்பாலும் ஆம்ஃபிபாட். வயிறு படிய ஊர்வது ஐசோபாட். ஆனால் இதோடு நிறுத்தினால் ஏமாந்து போவீர்கள். ஆந்துரிட் என்னும் ஐசோபாட் புழுவைப் போல உருண்டு நீண்டது. காப்ரெல்லிட் என்னும் ஆம்ஃபிபாடுக்கோ வால்பகுதியே சுருங்கி, உடம்பு வெறும் குச்சியாக இருக்கும்.

அதனால் மல்லாக்கப் போட்டு, 10 மடங்கு லென்ஸில் வால்பகுதியின் அடியைப் பாருங்கள். இலை போன்ற தகடுகள் 5 ஜோடி, கடைசியில் வால்கால் 1 ஜோடி என்றால் ஐசோபாட். அந்தத் தகடுகளே அதற்குச் செவுள். நீந்தும் கால் 3 ஜோடி, அதற்குப் பின் விறைப்பான குட்டைக் கால் 3 ஜோடி என்றால் ஆம்ஃபிபாட். அதன் செவுள்கள் மார்புக்கால்களின் அடியில் தொங்கும். முன்னால் நண்டுக்கொடுக்கு போன்ற ஒரு ஜோடி கால் தெரிந்தால் அது இரண்டுமில்லை, டனைட் என்னும் வேறொரு குட்டி உயிரி.

ஒதுங்கிய புல்லே போதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே மாதிரி எடுக்காதீர்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): சென்னாக்கூனியில் இறால் குஞ்சும் கலந்திருக்குமா?

கலந்திருக்கும். கூனி எனப்படும் அசெட்டஸுக்கு நடக்கும் கால் 3 ஜோடிதான். இறால் குஞ்சுக்கு உள்ள 5 ஜோடியில் பின் 2 ஜோடி இதற்குக் கிடையாது. காய்ந்த கூனியில் கால் ஒடிந்திருக்கும் என்பதால், பச்சையாக இருக்கும்போதே பாருங்கள். வால்விசிறியின் உள்மடலில் கண்ணாடி மணி போல ஒரு உருண்டை தெரிந்தால் அது மைசிட் என்னும் இறால் போன்ற வேறொரு உயிரி. வயிற்றின் அடியில் முட்டை சுமப்பது கூனி ஆகாது. கூனி முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

கேள்வி (தொண்டி): சின்ன டைகர் இறாலையும் பச்சை டைகரையும் தலைமுனைக் கொம்பில் உள்ள பல்லை எண்ணிப் பிரிக்கலாமா?

முடியாது. டைகருக்கு (பீனேயஸ் மோனோடான்) மேலே 6 முதல் 8, பச்சை டைகருக்கு (பீனேயஸ் செமிசல்கேட்டஸ்) 5 முதல் 8. கீழே இரண்டுக்குமே பெரும்பாலும் 3. இந்த எண்ணிக்கையை நம்பித்தான் பலர் தவறுகிறார்கள். ஐந்தாம் நடைகாலின் அடிக்கணுவைப் பாருங்கள். சிறு கிளை ஒன்று முளைத்திருந்தால் பச்சை டைகர், இல்லாவிட்டால் டைகர். வலையில் இழுபடும்போது அந்தக் கிளை பிய்ந்துபோகும், எனவே இரு பக்கமும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தலையோட்டின் பக்கவாட்டு முகடு டைகரில் கிடைமட்டமாக ஓடும். பச்சை டைகரில் முன்னோக்கிக் கீழே சரியும். புதிதாகப் பிடித்ததில் மீசையும் உதவும்: பச்சை டைகருக்குப் பட்டை பட்டையாக இருக்கும். உடல் நிறத்தை நம்ப வேண்டாம். மிகச் சிறிய குஞ்சில் முகடு தெளிவாக இராது. அப்போது பீனேயஸ் என்று பேரினத்தோடு நிறுத்துவதுதான் நேர்மை.

கேள்வி (பாம்பன்): மீன் வாய்க்குள் ஒட்டியிருந்த பேனுக்கு 6 ஜோடி கால்தான். புது இனமா?

இல்லை, அது குட்டிதான். இந்தப் பேனும் ஓர் ஐசோபாட். ஐசோபாடுக்கு ஏழாம் ஜோடி பிறகுதான் முளைக்கும். எந்த மீனில் இருந்தது என்பதை மறக்காமல் எழுதி வையுங்கள். இனம் காண அது மிகவும் உதவும்.

கேள்வி (கீழக்கரை): கல்லூரிக்குக் கொண்டுபோவதற்குள் மாதிரி நைந்துவிடுகிறது.

பாட்டிலை உயிரிகளால் அடைத்து நிரப்புவதுதான் காரணம். உடம்பில் உள்ள தண்ணீர் ஆல்கஹாலின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஒரு பங்கு உயிரிக்கு 70 சதவீத ஆல்கஹால் மூன்று பங்காவது ஊற்றி, மறுநாள் மாற்றுங்கள். சில சொட்டு கிளிசரின் விட்டால் கால்கள் எளிதில் ஒடியாது. டிஎன்ஏ பரிசோதனை உத்தேசம் இருந்தால் பார்மலின் பக்கமே போகாதீர்கள். 95 சதவீத ஆல்கஹால் எடுங்கள். இடம், தேதி எழுதிய சீட்டைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.