நைரோபிக்குப் பருப்பு மூட்டை வேண்டாம், தம்பி

தம்பி, மார்ச் மாதம் வீட்டம்மாவையும் ஆறு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கென்யாவின் தலைநகர் நைரோபிக்கு வருவதாகச் சொல்லி, "அண்ணா, பாப்பா பட்டாணியும் பருப்புச் சாதமும் இல்லாமல் சாப்பிட மாட்டாள், அங்கே அதெல்லாம் கிடைக்குமா, இருபது கிலோ கட்டிக்கொண்டு வரட்டுமா" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பயத்தோடுதான் வந்தேன், கேட்க ஆள் இல்லாததால் கேட்காமலே கட்டிக்கொண்டு வந்தேன். அம்மா மொட்டைமாடியில் காயவைத்துக் கொடுத்த பட்டாணி, மொச்சை, தட்டைப்பயறு. முழுப்பயறு என்றால் இங்கே விதைக் கணக்கு, முன்கூட்டியே அனுமதி வாங்கி, அங்கிருந்து பயிர்நலச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும். அது எனக்குத் தெரியாது. விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் ஒரு வாரம் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பார்க்லண்ட்ஸ் பக்கம் இருக்கிற சிட்டி பார்க் சந்தைக்குப் போனேன். நான் பறிகொடுத்த மூன்றும் அங்கே குவியல் குவியலாகக் கிடந்தன.

பச்சைப் பட்டாணிக்கு இங்கே 'மிஞ்சி' என்று பெயர். காய்கறிக்காரம்மா "மிஞ்சி, மிஞ்சி" என்று கூவினபோது என் மனைவி குனிந்து கால்விரலைப் பார்த்துக்கொண்டாள். நியாண்டருவா, கினாங்கோப், மேரு போன்ற குளிர்ந்த மேட்டு நிலங்களில் விளைந்து வருகிறது. அதே மலைப்பக்கத்தில், தோலோடு சாப்பிடுகிற தட்டைப் பட்டாணி ஒன்றும் விளைகிறது, அது பெரும்பாலும் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது உருட்டுப் பட்டாணி, அதற்குக் குறைச்சலே இல்லை. ஆனால் விலை மழையைப் பார்த்து ஆடும். மார்ச்சிலிருந்து மே வரை பெரிய மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சின்ன மழை, மழை பிடித்து இரண்டரை மூன்று மாதத்தில் காய் வந்து குவியும். அப்போது வாங்கி உரித்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

உரித்ததாகவே வாங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனைக்கு ஒரு 'மாமா ம்போகா' இருப்பார், மாமா என்றால் இங்கே அம்மா, காய்கறி அம்மா என்று அர்த்தம். எங்கள் தெருவில் இருக்கிறவர் மடியில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, வருகிற போகிறவரோடு பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலால் காயைப் பிளந்து தள்ளிக்கொண்டே இருப்பார். கோப்பையால் அளந்து போடுவார். "ஓங்கெஸா" என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் ஒரு கை விழும். நம் ஊர் கொசுறுதான், வெட்கப்படாமல் கேளுங்கள். பை மட்டும் நீங்களே எடுத்துப் போக வேண்டும், 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்கு இந்த நாட்டில் தடை.

அப்புறம் துவரை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மச்சாகோஸ், மக்குவேனி, கிடுயி என்று கிழக்கே இருக்கிற வறண்ட சீமை துவரைக் காடு. சின்ன மழைக்கு விதைத்தால், வேர் ஆழத்துக்குப் போவதால், நடுவில் வருகிற வறட்சியைத் தாங்கி நின்று ஜூலை ஆகஸ்டு வாக்கில் காய்க்கும். 'ம்பாஸி' என்று கேட்க வேண்டும். இவர்கள் அதை உடைத்துப் பருப்பாக்குவதைவிட, பச்சையாகவோ முழுசாகவோ வேகவைத்துச் சாப்பிடுவதுதான் அதிகம். மொம்பாசா போனால் காலையில் தேங்காய்ப்பாலில் கொதித்த ம்பாஸியும், ஏலக்காய் மணக்கிற மஹம்ரியும் சாப்பிடாமல் திரும்பாதீர்கள், பூரிக்கும் பணியாரத்துக்கும் நடுவில் பிறந்த பண்டம் அந்த மஹம்ரி. கிழக்கு ஆப்பிரிக்கத் துவரைக்கு நம் நாடு பெரிய சந்தை. 2017இல் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டபோது மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் விலை படுத்து, விவசாயிகள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. நாம் ஊரில் வைக்கிற சாம்பாரில் இந்தப் பக்கத்துத் துவரையும் இருந்திருக்கலாம், அதையே இங்கே சுமந்து வருவேன் என்கிறீர்கள்!

உடைத்த பருப்பு வேண்டுமானால் பார்க்லண்ட்ஸ், ங்காரா பக்கத்துக் குஜராத்திக் கடைகளில் 'துவேர்' என்று கேளுங்கள். எண்ணெய் தடவினது ஒன்று வைத்திருப்பார்கள், அதை வெந்நீரில் இரண்டு தடவை அலசாவிட்டால் சாம்பாரில் ஒரு வாடை நிற்கும். உளுந்து, காய்ந்த பட்டாணி எல்லாம் அங்கேயே உண்டு. தெருவில் வாங்கினால் பாசிப்பயறு 'ந்தெங்கு', தட்டைப்பயறு 'குண்டே'. முழுப்பயறு வாங்குகிறபோது ஒரு கை எடுத்துப் பாருங்கள், ஊசி குத்தினமாதிரி ஓட்டை தெரிந்தால் வண்டு குடியிருக்கிறது என்று அர்த்தம், பேசாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் முகிமோ போட்டால் பயப்படாதீர்கள். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பூசணிக்கீரை, பட்டாணி எல்லாம் சேர்த்து மசித்தது. காரம் கிடையாது, என் பையன் ஊறுகாய் தொட்டுக்கொண்டு இரண்டு கரண்டி கூடவே சாப்பிடுவான்.

கிடைப்பதில் சிக்கல் இல்லை, வேகவைப்பதில்தான் இருக்கிறது. நைரோபி கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் வைத்த துவரை இரண்டு மணி நேரம் கழித்தும் கல்லு மாதிரி முறைக்கும். இந்த ஊர்க்காரர்கள் மகாடி ஏரியிலிருந்து வருகிற சோடா உப்பை ஒரு சிட்டிகை போடுவார்கள், கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் சோப்புத் தண்ணீர் ருசி வந்துவிடும். அதனால் பருப்புக்கு ஒதுக்கின இடத்தில் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றும் அதற்கேற்ற காஸ்கெட் இரண்டும் வைத்துக்கொண்டு வாருங்கள். இரவே ஊறவைத்து, ஊரில் விடுகிற விசிலுக்கு மேல் இரண்டு சேர்த்து விடுங்கள்.

மார்ச்சில் இறங்குகிறீர்கள், அப்போது பச்சைப் பட்டாணி விலை கொஞ்சம் கடிக்கும். ஜூன் வரைக்கும் பாப்பாவுக்கு ந்தெங்கும் சப்பாத்தியும் கொடுத்துப் பாருங்கள்.