வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்: கீச்சிடும் பிரேக்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக் சத்தம் பற்றியவை. மழை தொடங்கினால் எங்கள் பட்டறையிலும் இதே கதைதான். ஏற்காடு அடிவாரத்தில் 31 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மலையிறங்கி வரும் வண்டிகளின் பிரேக் வாடை வாசலிலேயே மூக்கைத் துளைக்கும். அதனால் ஏ.சி., பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பிரேக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் காருக்கு ஏழு வயது, 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வாரமாக முன்பக்க இடது சக்கரத்தில் ‘கீ…’ என்று மெல்லிய சத்தம். பிரேக்கை மிதித்தால் நிற்கிறது, காலை எடுத்தால் மறுபடி வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தூசி என்கிறார். பட்டறையில் பேடு, டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, ஆத்தூர்

அம்மா, சத்தத்தின் பேச்சைக் கேளுங்கள். மிதித்தால் நிற்கிறது, விட்டால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டுதான் டிஸ்க். பிரேக் மிதித்தால் அதை உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக அழுத்திப் பிடிப்பவை பேடுகள். பேடில் உரசித் தேயும் பகுதிக்கு லைனிங் என்று பெயர். நிறைய பேடுகளின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகடு வளைந்து நிற்கும். புதுப் பேடில் லைனிங் 10 மி.மீ. அளவுக்கு இருக்கும். அது தேய்ந்து 2, 3 மி.மீ.க்கு வரும்போது தகட்டின் நுனி டிஸ்க்கைத் தொட்டு உரசும். பேடு தீரப்போகிறது என்று உங்களுக்குச் சொல்வதற்கென்றே வைத்த தகடு அது. பிரேக் மிதிக்கும்போது தகடு டிஸ்க்கோடு அழுந்திவிடுவதால் அதிர்வு அடங்கி, சத்தமும் நிற்கிறது.

இந்தத் தகட்டைப் பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம், வயது பத்தொன்பது. வாடகை வண்டி டிரைவர் ஒருவர் சாயங்காலம் வந்து, “தம்பி, காலையில கல்யாண வீட்டு ட்ரிப்பு இருக்கு, சத்தம் மட்டும் நின்னாப் போதும்” என்றார். கடையில் பேடு இல்லை. குறடை எடுத்து அந்தத் தகட்டை மடக்கிவிட்டேன். சத்தம் நின்றது, அவரும் சந்தோஷமாகப் போனார். மூன்று வாரம் கழித்து அதே வண்டி கரகரவென்று இரும்போடு இரும்பு உரச வந்து நின்றது. சக்கரத்தைக் கழற்றினால் உள்பேடில் லைனிங் என்று ஒன்று இல்லவே இல்லை. பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. விரலை ஓட்டினால் பள்ளத்தில் நகம் மாட்டியது. அந்த மூன்று வாரமும் குழந்தை குட்டியோடு எத்தனை குடும்பம் அந்த வண்டியில் போய் வந்ததோ! அன்றைக்குப் பிறகு, காரணம் தெரியாமல் எந்த வண்டியின் சத்தத்தையும் நான் நிறுத்தியதில்லை.

அதனால் பேடு மாற்றச் சொன்னது அநேகமாகச் சரி. இந்த வாரமே மாற்றுங்கள். இடது பக்கம்தானே சத்தம் என்று அதை மட்டும் மாற்றக் கூடாது. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு பேடும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிஸ்க் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ‘MIN’ என்று ஆங்கிலத்தில் பொறித்து, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். டிஸ்க் அந்தக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது. சாதாரணமாகப் புது டிஸ்க்கின் கனத்தைவிட அது 2 மி.மீ. சுற்றுதான் குறைவாக இருக்கும். அளப்பதிலும் ஒரு சூது உண்டு. பேடு படாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாகவே நிற்கும். அதன் மேல் வெர்னியர் அளவுகோலை வைத்தால், தேய்ந்த டிஸ்க்கும் புதுசு மாதிரி அளவு காட்டும். கனத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் இல்லாத பட்டறை என்றால் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை டிஸ்க்கின் இரண்டு பக்கமும், விளிம்பு மேட்டுக்கு உள்ளே வைத்து, சேர்த்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். சரியான கனம் கிடைத்துவிடும். அளவு எல்லைக்கு மேல் இருந்து, முகத்தில் ஆழமான பள்ளமோ வெடிப்போ இல்லை என்றால், ஏழு வருட டிஸ்க்காக இருந்தாலும் இருக்கட்டும்.

இன்னொன்று. சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிவது வெளிப்பேடு மட்டும்தான். “இன்னும் பாதி இருக்கு” என்று யாராவது எட்டிப் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி உள்பேடையும் பார்க்க வேண்டும். உள்பேடு வெளிப்பேடைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கு இருக்கும் ‘பின்’ என்ற கம்பி இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போடாமல் புதுப் பேடு மாட்டினால், அந்தப் பேடும் இதே மாதிரிதான் போகும்.

காலையில் வண்டியை எடுக்கும்போது மட்டும் நாலு சக்கரமும் கத்துகிறது. தெருமுனை தாண்டினால் சரியாகிவிடுகிறது. கவலைப்படணுமா?
– வாசகர், மேட்டூர்

வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி பனியோ மழையோ பட்டால் விடிவதற்குள் மேலே மெல்லிய துரு படரும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். பின்பக்கம் டிஸ்க்குக்குப் பதில் மூடிய டிரம் பிரேக் என்றால் உள்ளே ஈரம் நிற்பதாலும் கத்தலாம். வண்டியைக் கழுவிய ராத்திரி ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், உள்ளே டிரம்மை அழுத்தும் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். மத்தியானமும் சத்தம் தொடர்ந்தால் மறுபடி எழுதுங்கள்.

போன மாதம்தான் புதுப் பேடு போட்டேன். டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கிறீச்சிடுகிறது.
– வாசகர், நாமக்கல்

ஈரக் கையால் எவர்சில்வர் தட்டைத் தேய்த்தால் கீச்சிடும் அல்லவா? விரல் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டுப் போவதால் வரும் ஓசை அது. பேடும் டிஸ்க்கும் செய்வது அதேதான், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறது. பிரிட்டனில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, அவருடைய செம்பு லைனிங் போட்ட கூச்சல் பெரிய குறையாக இருந்தது. சில வருடம் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அஸ்பெஸ்டாஸ் லைனிங் கொண்டுவந்துதான் அதைக் குறைத்தார். அஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கும் எந்த பிரேக் தூசியையும் காற்றடித்து ஊத நான் பையன்களை விடுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்ப்பது பேடின் முதுகை. அங்கே ஷிம் என்று ஒரு மெல்லிய தகடு இருக்க வேண்டும், அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். பழைய பேடோடு சேர்த்து அதையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேடை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பேடு நகரும் இடத்தில் இருக்கும் ஸ்டீல் கிளிப்புகளையும் பாருங்கள். துருப்பிடித்த பழைய கிளிப்பில் புதுப் பேடு ஆடிக்கொண்டே இருக்கும். கிளிப், ஷிம், பேடின் காது ஆகியவற்றில் பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸை ஒரு பொட்டு தடவினால் போதும். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்குக்கு ஓடிவிடும்.

அடுத்தது, புதுப் பேடைப் பழக்கினீர்களா? காலியான ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுக்க நிறுத்தாமல், பத்து தடவை மிதமாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கொஞ்ச தூரம் ஓடி ஆற விட வேண்டும். அப்போதுதான் பேடின் பொருள் டிஸ்க் முகத்தில் சீராகப் படியும். மாட்டிய அன்றைக்கே மலையேறி இறங்கியிருந்தால் பேடின் முகம் சூட்டில் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகியிருக்கும். அப்படி இருந்தால் உப்புத்தாளைச் சமதளத்தில் விரித்து முகத்தை லேசாகத் தேய்த்து, ஓரத்தைச் சாய்வாக ராவிப் பார்க்கலாம். இத்தனைக்கும் பிறகு சத்தம் வந்தால் பேடின் கலவையே கடினம். வேறு நல்ல பேடு வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடுகிறது. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்துவிட்டேன். டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், தருமபுரி

பேலன்சிங் கோளாறு என்றால் மிதிக்காமலே ஆடும். மிதித்தால் மட்டும் ஆடுவதால் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கம், சீட்டு அதிர்ந்தால் பெரும்பாலும் பின்பக்கம். (திடீரென ஓங்கி மிதிக்கும்போது மட்டும் பெடல் குறுகுறுவென்று காலைத் தள்ளினால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது, கோளாறு இல்லை.)

ஆனால் ‘வளைந்துவிட்டது’ என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். என் மேஜைக்கு வந்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல, கனம் சீராக இல்லாதவை. டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு செதில் மாதிரி இருக்கும். அதைத் துடைக்காமல் டிஸ்க்கை மாட்டுவார்கள். அல்லது காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டை ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று முடுக்குவார்கள். டிஸ்க் 0.1 மி.மீ. கோணலாக உட்கார்ந்துவிடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கி.மீ. போனதும் அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். 0.02, 0.03 மி.மீ. வித்தியாசமே ஸ்டியரிங்கை ஆட்டிவிடும். ஒரு தலைமுடியின் கனத்தில் பாதி கூட இல்லை, கண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது?

அதனால் டயல் கேஜ் உள்ள பட்டறைக்குப் போங்கள். ஆட்டத்தை அதில் பார்க்க வேண்டும். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துக் கனத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷால் தேய்த்து மறுபடி மாட்டியே சில வண்டிகளில் ஆட்டம் பாதியாகக் குறைந்து பார்த்திருக்கிறேன். கனம் தாராளமாக இருந்தால் லேத்தில் ஸ்கிம்மிங் போடலாம், அதாவது முகத்தை மெல்லிசாகச் சீவிச் சமப்படுத்தலாம், இரண்டு பக்க டிஸ்க்கையும் சேர்த்து. எல்லைக்கு நெருங்கிய டிஸ்க்கை லேத்தில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. உங்களுக்குத் தினமும் கணவாய் என்றால் புதிதாகவே ஒரு ஜோடி போட்டுவிடுங்கள். கடைசியில் வீல் நட்டைக் குறுக்கும் மறுக்குமாக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாக ஓட்டக் கற்ற என் மகன் ஏற்காட்டிலிருந்து இறங்கினான். அடிவாரத்தில் முன்சக்கரத்தில் புகை. தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகி, சேலம்

ஊற்றவே கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடலாம். ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டோடு பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்கவும் கூடாது.

இருபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறான். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள், வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே குமிழி விழுந்து, பெடல் தரைக்குப் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது எங்கள் ஊருக்குக் கட்டாயம்.

சத்தம் நிற்கட்டும் என்று மாமா காரின் பிரேக் டிஸ்க்கில் பைக் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிட்டார். சத்தம் நின்றது, வண்டிதான் நிற்க மாட்டேன் என்கிறது.
– வாசகர், ஓமலூர்

தம்பி, இதைப் படித்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்டாதே. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழை. டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காப்பாற்றிவிடலாம். எண்ணெய் குடித்த பேடை எதுவும் செய்ய முடியாது, நான்கையும் தூக்கிப் போட்டுவிடு. புதுப் பேடு மாட்டியதும் முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதித்து, பெடல் காலுக்குக் கெட்டியாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்.