அப்பா அனுப்பும் ஜீவனாம்சம் தன் பணம் என்று மகள் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி இதுதான்: "பெங்களூரில் இருக்கிறோம். விவாகரத்து ஆகி மூன்று வருடம். மகளுக்கு 16 வயது, முதல் பி.யூ.சி. (பதினோராம் வகுப்பு). அவள் செலவுக்காக அவள் அப்பா மாதம் 18,000 ரூபாய் என் கணக்கில் போடுகிறார். 'அது என் பணம், என்கிட்ட கொடு' என்று தினமும் சண்டை. கொடுத்துவிட வேண்டுமா?"

கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் "உன் பணம் கிடையாது போடி" என்று சொல்லியிருந்தீர்கள் என்றால் அதுவும் தப்பு. பிள்ளைக்கென்று போட்ட ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அதைக் கையில் வாங்கிச் செலவு செய்கிற பொறுப்புதான் உங்களுடையது. ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு. நீதிமன்றம் யாரைச் சொல்கிறதோ அவரிடம் பணம் போக வேண்டும் என்பதுதான் இரண்டிலும் இருக்கிறது. உங்கள் ஆணை விவாகரத்து வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின் கீழ் வந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஆணையின் நகலை எடுத்து முழுசாகப் படியுங்கள். பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும், உங்களுக்கு எவ்வளவு மகளுக்கு எவ்வளவு என்று பிரித்திருக்கிறதா, காலேஜ் ஃபீஸ் இந்த 18,000க்குள் அடங்குமா தனியா, "மேஜர் ஆகும் வரை" என்று ஒரு வரி இருக்கிறதா. பாதிச் சண்டைக்குப் பதில் அந்த நாலு வரியில் இருக்கும்.

அடுத்தது கணக்கு. மகள் கணக்குக் கேட்பதை அவமரியாதையாக எடுத்துக்கொள்கிற அம்மாக்கள்தான் அதிகம். கேட்கட்டும். ஆனால் வீட்டுச் செலவை இரண்டால் வகுத்து அவள் தலையில் பாதியைக் கட்டாதீர்கள். இந்த வயசுப் பிள்ளைகள் அந்த ஓட்டையை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும்: "நான் இல்லாவிட்டாலும் நீ வாடகை கொடுத்துத்தானே ஆகணும்?" நியாயமான கேள்வி. அதனால் அவள் இருப்பதால் கூடுதலாக என்ன ஆகிறது என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் ஒருவர் என்றால் ஒரு பெட்ரூம் வீடு போதும், 16,000. அவளுக்காகத்தான் இரண்டு பெட்ரூம், 24,000. அவள் பங்கு வித்தியாசமான 8,000 மட்டுமே, 12,000 இல்லை. மளிகை, பால், காய்கறி, கேஸ் 9,000 ஆனால் அதில் பாதி 4,500 என்று வைப்பது சரி, சாப்பாடு உண்மையிலேயே பாதி. கரண்ட், வைஃபை இரண்டையும் விட்டுவிடுங்கள்; 300 ரூபாய்க்கு வாதாடப் போய் மொத்தக் கணக்கின் மேலேயே நம்பிக்கை போய்விடும். காலேஜ் ஃபீஸ் வருடத்துக்கு 84,000, கோச்சிங் 36,000 என்றால் மாதத்துக்கு 10,000. துணி, மருந்து, பஸ், நாப்கின், போன் ரீசார்ஜ் 1,500. கூட்டினால் 24,000. வருவது 18,000. மீதி 6,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. எண்கள் என் உத்தேசம்தான், உங்கள் ரசீதுகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். "அல்சூரில் இந்த வாடகைக்கு வீடு எங்கே இருக்கு" என்று கீழே யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். கணக்குப் போடும் முறைக்கு உதாரணம், வீட்டு புரோக்கர் விளம்பரம் இல்லை.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. ஜீவனாம்சம் மாசாமாசம் வருகிறது, ஃபீஸ் மே கடைசியில் ஒரே அடியாகப் போகிறது. ஜூன் தொடங்கி மாதம் 10,000 எடுத்து வைத்தால் ஏப்ரலில் 1,10,000 சேர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மகள் உங்கள் போனில் பேலன்ஸைப் பார்த்தால் "அப்பா அனுப்பினதை எல்லாம் அம்மா அமுக்கி வைச்சிருக்கா" என்றுதான் தோன்றும். அதைச் சேமிப்புக் கணக்கிலேயே விடாதீர்கள். மாதம் 10,000க்குத் தனி ஆர்.டி. போட்டு, மே மாதத்துக்கு முன் முதிர்கிற மாதிரி தேதி வைத்து, அதற்கு "காலேஜ் ஃபீஸ்" என்றே பெயர் கொடுங்கள். பெரும்பாலான வங்கி ஆப்களில் கணக்குக்குப் பெயர் வைக்கலாம். ஜீவனாம்சம் வரும் கணக்கும் உங்கள் சம்பளக் கணக்கும் வேறு வேறாக இருப்பது இன்னும் நல்லது. நாளைக்கு அவர் தொகையைக் குறைக்கச் சொல்லி மனு போட்டால், ஒரே ஸ்டேட்மென்டில் செலவைக் காட்டிவிடலாம்.

மகளின் கையில் ஒன்றுமே கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே முடிவெடுக்கக்கூடிய செலவுகளைப் பிரியுங்கள்: வெளியே சாப்பிடுவது, சிநேகிதிகளோடு சினிமா, விருப்பப்பட்ட துணி, ரீசார்ஜ். 2,000, 2,500 என்று ஒரு தொகை. முதல் இரண்டு மாதம் வாரக் கணக்கில் கொடுங்கள், மாதக் கணக்கில் கொடுத்தால் எட்டாம் தேதியே தீர்ந்துவிடும். தீர்ந்தால் மேலே போடாதீர்கள். ஒருமுறை போட்டுவிட்டால் அந்தத் தொகைக்கு அர்த்தமே போய்விடும். ஆனால் மருந்து, நாப்கின், பஸ் பாஸ் மூன்றையும் இதில் சேர்க்காதீர்கள். காசு குறைந்தால் பிள்ளைகள் முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

எப்படிக் கொடுப்பது? இரண்டு வழி. யூ.பி.ஐ. சர்க்கிள் 2024இல் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து அவள் போனிலேயே செலவு செய்யலாம். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்காமல் செலவு செய்ய முழு அனுமதி கொடுத்தால் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 என்பது உச்சம். அதற்குள் நீங்கள் 2,500 என்று குறைத்து வைக்கலாம். ஒவ்வொரு செலவும் உங்களுக்குத் தெரியும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் அது வேறு சண்டை. இரண்டாவது வழி மைனர் கணக்கு. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்னபடி 10 வயது நிறைந்த பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே திறந்து நடத்தலாம், வரம்பை வங்கி வைக்கும், ஓவர்டிராஃப்ட் கிடையாது. 16 வயதுப் பெண்ணுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

கவுண்டரில் "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றால் மடங்காதீர்கள். அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், தனியாக வளர்க்கும் அம்மா என்றால் பான் கார்டுக்கு 2018 டிசம்பரிலிருந்து அப்பா பெயர் கட்டாயமில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கிற டியூஷன் சென்டர் படிவத்தில் மட்டும் அப்பா பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் ஆன்லைனில் அடுத்த பக்கம் போகாது. இதை மாற்ற ஒரு புரோகிராமருக்கு ஐந்து நிமிஷம் ஆகுமா?

இனி அப்பா பக்கம். (இப்போது "ஆண்களுக்கு எதிரான பதில்" என்று ஆரம்பிப்பீர்கள். ஒழுங்காகப் பணம் போடுகிற அப்பாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை தப்பாக இல்லை, மேலே போய்ப் பாருங்கள்.) மகள் போனுக்கு நேராக 5,000 அனுப்பிவிட்டு உங்களுக்கு 13,000 போடுவது அடிக்கடி நடக்கிறது. அவளுக்கு அவர் அன்பளிப்பாக எவ்வளவு வேண்டுமானாலும் தரட்டும். ஆணையில் சொன்ன தொகையிலிருந்து கழிப்பதுதான் பிரச்சினை. அதே மாதம் ஒரு மெசேஜ் போதும்: "ஆணைப்படி 18,000. வந்தது 13,000. பாக்கி 5,000." வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி பேசுவார்கள். 144இன் கீழ் வந்த ஆணை என்றால் பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும், தாண்டினால் அந்தப் பாக்கியை வசூலிக்க வாரன்ட் கிடைக்காது. "மொத்தமாகச் சேரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பவர்கள் பழைய மாதங்களை இழப்பது இதனால்தான்.

இந்த மெசேஜை மகள் மூலமாக அனுப்பாதீர்கள். அவளும் "அம்மா எனக்கு ஒண்ணுமே தர்றதில்ல" என்று அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல் இருப்பது நல்லது. சூழ்நிலை மாறிவிட்டது என்று அதே சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் தொகையைக் குறைக்கக் கேட்கும் மனுவில், அந்த ஸ்கிரீன்ஷாட் இணைப்பாக வந்து உட்காரும். அவளை மிரட்டுவதற்காக இல்லை, தகவலாகச் சொல்லுங்கள்.

கடைசியாக 18 வயது. 144இல் மேஜரான பிள்ளைக்கு உடல் அல்லது மனநலக் குறைபாடு இருந்தால் ஒழிய ஜீவனாம்சம் இல்லை. ஆனால் கல்யாணமாகாத மகள் தன் வருமானத்தில் வாழ முடியாதவரை இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956, பிரிவு 20(3)இன் கீழ் கேட்கலாம். அபிலாஷா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நீங்கள் கிறிஸ்தவரோ இஸ்லாமியரோ என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது, வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். கவனிக்க வேண்டியது, அப்போது மனுதாரர் அவள்தான். அவளுக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே பதினேழரை வயதிலேயே ஆணை நகல், ஃபீஸ் ரசீதுகள், அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு ஃபைலில் அவள் கைக்குப் போய்விட வேண்டும். பெங்களூர் சித்தையா ரோட்டில் நியாய தேகுலா என்ற கட்டடத்தில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது, அதே கட்டடத்தில்தான் மத்தியஸ்த மையமும் இருக்கிறது. டிகிரி ஃபீஸை யார் எவ்வளவு கட்டுவது என்பதை அங்கே உட்கார்ந்து எழுதி வாங்கிவிட்டால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டாம்.