வண்டி வாகனம் கேள்வி பதில்: டிசையரா, அமேஸா?

கேள்வி: ஊர் கோபிங்க. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன், தினமும் போய் வருவதில் மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடிவிடும். மாமனார் வீடு தாளவாடி, மாதம் ஒரு தடவையாவது திம்பம் மலைப்பாதை ஏற வேண்டும். அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்மானம், கிளட்ச் மிதிக்க முடிவதில்லை, ஆனால் லீவு நாளில் சந்தைக்கு அவர்தான் ஓட்டுவார். அதனால் ஆட்டோமேட்டிக் என்று முடிவாகிவிட்டது. மாருதி டிசையரா, ஹோண்டா அமேஸா? மச்சான் டிசையரைத் தகர டப்பா என்கிறார். பங்காளி ஒருத்தர், ஹோண்டா வாங்கினால் சர்வீசுக்கு நாய் படாத பாடு என்கிறார். குழப்பமா இருக்குங்க.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மச்சானையும் பங்காளியையும் முதலில் கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள்.

மச்சான் சொல்வது பழைய கதை. 2024 நவம்பரில் வந்த புது டிசையர், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. அதற்கு முன் மாருதியில் எந்த வண்டியும் அதை வாங்கியதில்லை. அடுத்த மாதமே புது அமேஸ் வந்தது. இரண்டிலும் அடிப்படை வேரியன்ட்டிலேயே 6 ஏர்பேக் உண்டு. பங்காளி சொல்வதில் பாதி உண்மை. மாருதிக்கு இருக்கும் சர்வீஸ் சென்டர் எண்ணிக்கைக்கு ஹோண்டா கிட்டே வர முடியாது. ஆனால் "மாருதின்னா நம்மூர் மெக்கானிக்கே பார்த்துக்குவார்" என்று நினைத்தால் ஒரு விஷயம், அவருக்குக் கை பழகியது பழைய நாலு சிலிண்டர் இன்ஜின். இப்போது டிசையரில் இருப்பது புதிய 3 சிலிண்டர். அமேஸின் 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் 2009இல் ஹோண்டா ஜாஸ் வந்த காலத்திலிருந்தே இங்கே ஓடுகிற இன்ஜின் குடும்பம், 90 குதிரைத்திறன், ஐடிலில் நின்றால் இன்ஜின் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். டிசையருக்கு 82 குதிரைத்திறன்தான், நிற்கும்போது சீட்டில் லேசான அதிர்வு தெரியும்.

சரி, உங்கள் விஷயத்தில் இதெல்லாம் பக்கவாட்டுப் பேச்சு. நீங்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கவில்லை, கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இரண்டு வண்டியிலும் "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரைச் சொல்லி விற்றாலும் உள்ளே இருக்கும் சாமான் வேறு.

டிசையரில் இருப்பது ஏஎம்டி. அதாவது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட், உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி அந்த வேலையைச் செய்கிறது. கியர் மாறும் அந்த நொடியில் வண்டி லேசாகத் தலையாட்டும், மாறும்போது ஆக்சிலரேட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்தப் பழகிவிட்டால் பாதி ஆட்டம் போய்விடும். அமேஸில் சிவிடி, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட், கியர் படிகளே கிடையாது, அதனால் வழுக்கிக்கொண்டு போகும். ஓவர்டேக்குக்கு அழுத்தி மிதித்தால் மட்டும் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம் வரும்.

இப்போது திம்பத்துக்கு வாருங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. நமக்கு முன்னால் போகும் லாரி வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும், எதிரே கரும்பு லாரி இறங்கிக்கொண்டிருக்கும், நாம் நடு ஏற்றத்தில் நின்று நின்று கிளம்ப வேண்டும். சிவிடிக்கு இது கல்யாண வீட்டுச் சாப்பாடு. ஏஎம்டியும் ஏறும், அதில் சந்தேகம் வேண்டாம், ஆனால் ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது பாருங்கள், அது ஏஎம்டியின் கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிடும். நின்றால் பிரேக், கிளம்பினால் ஆக்சிலரேட்டர், நடுவில் ஊசலாட்டம் கூடாது. இறங்கும்போது மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் இறங்குங்கள், வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால் அடிவாரத்துப் பண்ணாரி வருவதற்குள் கருகல் வாடை வந்துவிடும்.

இதுவரை படித்தால் அமேஸ்தான் என்று தோன்றும். ஆனால் உங்கள் 2,000 கிலோமீட்டர் குறுக்கே நிற்கிறது. கம்பெனிகள் சொல்லும் மைலேஜ், டிசையர் ஏஎம்டிக்கு 25.71, அமேஸ் சிவிடிக்கு 19.46. மாதத்துக்கு 25 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,500, ஐந்து வருடத்தில் ஒன்றரை லட்சம். பெருமாநல்லூர் தாண்டி பி.என். ரோட்டில் ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஊரும்போது இந்த மைலேஜ் யாருக்கும் வராது, அது தெரிந்ததுதான், இரண்டுக்குமே குறையும், இடைவெளி குறையாது. மாதம் ஒரு நாள் மலை ஏறும் சுகத்துக்கு மீதி நாளெல்லாம் பெட்ரோல் பங்கில் மொய் எழுதுவானேன்?

என் கட்சி டிசையர் ஏஎம்டி. மாதம் 700, 800 கிலோமீட்டர்தான் ஓடும் என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் அமேஸ் சிவிடி என்றிருப்பேன், அதன் அடிப்படை வேரியன்ட்டிலேயே சிவிடி கிடைக்கிறது. டிக்கியும் அதில்தான் பெரிது, 416 லிட்டர், டிசையருக்கு 382. தாளவாடியிலிருந்து மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பும் மாமியார் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே நிபந்தனை, அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பாவை ஓட்டச் சொல்லுங்கள். ஷோரூம் தம்பி சமதளத்தில் ஒரு ரவுண்டு கூட்டிப்போய் முடித்துவிடுவார், விடாதீர்கள், ஒரு பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பச் சொல்லுங்கள். அந்தத் தலையாட்டல் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒன்றரை லட்சத்தை மறந்துவிட்டு அமேஸையே எடுங்கள். ஓட்டப் பயந்து வீட்டில் நிற்கும் வண்டிக்கு மைலேஜ் எதற்கு?

கேள்வி: மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்சா, எது நல்ல வண்டி? டொயோட்டா என்றால் உழைக்கும் என்கிறார்களே?
- வாசகர், கரூர்

பதில்: இரண்டும் ஒரே வண்டிதாங்க. குஜராத்தில் சுசுகி தொழிற்சாலையில் செய்து, ஒன்றில் டொயோட்டா பெயரை ஒட்டி 2019 முதல் விற்கிறார்கள். முன்பெல்லாம் வாரன்டி கிளான்சாவுக்குக் கூடுதலாக இருந்தது, அதற்காகவே அதை எடுக்கச் சொல்வேன். 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று ஏற்றிவிட்டதால் அந்தக் காரணமும் போயிற்று. எந்த ஷோரூமில் ஆன்ரோடு விலை குறைவு, எது சீக்கிரம் கைக்கு வரும், எந்த சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான்.

கேள்வி: டிசையர் சிஎன்ஜி எடுத்தால் தோப்பிலிருந்து தேங்காய் மூட்டை ஏற்ற முடியுமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள், செலவு குறையும், சந்தேகமில்லை. ஆனால் கேஸ் சிலிண்டர் உட்காருவது டிக்கியில். மூட்டை பின் சீட்டில்தான் வரும். வீட்டுக்காரம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.