ஓடியதா, ஓடவில்லையா?

அன்புள்ள சார்,

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். சென்னையில் ஒரு பொழுதுபோக்குச் சேனலின் விளம்பர விற்பனைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எப்படியாவது கதை இலாகாவுக்குப் போய்விடலாம் என்று நினைத்து வந்தேன். நாள் முழுக்க ஆர்.ஓ. (விளம்பரம் ஓட்டச் சொல்லி வரும் ஆர்டர்) சரிபார்ப்பதும், ஸ்பாட், அதாவது ஒரு தடவை ஓட வேண்டிய விளம்பரம், விட்டுப்போனால் விளம்பர ஏஜென்சியிடம் திட்டு வாங்குவதும்தான் வேலை. நிகழ்ச்சிப் பிரிவில் இருப்பவர்கள் எங்களைக் கணக்குப்பிள்ளைகளைப் போலப் பார்க்கிறார்கள். போன வாரம் மேனேஜர், ஓடாத நாலு ஸ்பாட்டை ஓடியதாகக் காட்டி டி.சி. (ஒளிபரப்புச் சான்றிதழ்) போடச் சொன்னார். "அடுத்த வாரம் ஓட்டிக்கலாம், இப்ப பில் போகட்டும்" என்றார். இன்னும் போடவில்லை. நீங்களும் இந்த வேலையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

டி.சி. விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போடாதீர்கள். எந்த ஸ்பாட், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஓடியது என்று சேனல் எழுத்தில் கொடுக்கும் வாக்கு அது. அதைக் காட்டித்தான் ஏஜென்சி விளம்பரதாரரிடம் பணம் வாங்கி, தன் 15 சதவீதக் கமிஷன் போக மீதியை உங்களுக்கு அனுப்புகிறது. பெரிய கம்பெனிகளுக்குத் தனியாகக் கண்காணிப்பு அறிக்கையும் வரும். ஓடாத ஸ்பாட் அதில் இருக்காது. மாட்டிக்கொள்கிற அன்றைக்கு மேனேஜர் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, டி.சி.யில் உங்கள் இனிஷியல் இருக்கும்.

சண்டை போடவும் வேண்டாம். ஒரு மெயில் அனுப்புங்கள். "இந்த நாலு ஸ்பாட்டும் ஒளிபரப்புப் பதிவில் (லாகில்) இல்லை. மேக்-குட் (மறுபடி ஓட்டித் தருவது) எந்தத் தேதியில் போடட்டும்? அதுவரை மீதிக்கு மட்டும் பில் அனுப்பலாமா?" கேள்வியாகவே இருக்கட்டும். எழுத்தில் கேட்டதற்கு, பொய்யாகப் போடு என்று எழுத்தில் பதில் சொன்ன மேனேஜரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் "சரி, மேக்-குட் போட்டுடுங்க" என்று வந்துவிடும். விட்டுப்போனதை மறுபடி ஓட்டித் தருவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது பல சேனல்கள் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு நேரலைக்குப் போயின. அப்படி ஒரு வாரம் வந்தால் மொத்த அட்டவணையும் கலைந்துவிடும். உட்கார்ந்து திரும்ப அடுக்குவது உங்களைப் போன்ற உதவியாளர்கள்தான், முதலாளிகள் இல்லை.

அப்புறம் அந்தக் கணக்குப்பிள்ளை விவகாரம். நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஆர்.ஓ. ஃபேக்ஸில் வரும். அந்தத் தாள் நாளாக நாளாக வெளுத்துவிடும் என்பதால் வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து வைப்பதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். விளம்பரம் பீட்டா டேப்பில் வரும், பல நாள் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். எங்களையும் அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

விதிப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம். அதில் 2 நிமிடம் சேனல் தன் நிகழ்ச்சிகளுக்குச் செய்துகொள்வது. மீதி 10 நிமிடம், அதாவது 600 விநாடி. பத்து பத்து விநாடியாக வெட்டினால் 60 துண்டு. (இந்த வரம்பை யார் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தபோது சேனல்கள் நீதிமன்றத்துக்குப் போயின.) மார்க்கெட்டில் மீந்த கீரையையாவது தண்ணீர் தெளித்து மறுநாள் விற்றுவிடலாம். விற்காமல் போன விநாடி அந்த நிமிடத்தோடு சரி. அதனால்தான் உங்கள் மேனேஜர் போனஸை, அதாவது இலவச ஸ்பாட்டுகளை, அள்ளிக் கொடுக்கிறார். 10 விநாடிக்கு 4,000 ரூபாய் என்று பேசி 50 ஸ்பாட் விற்று, கூட 50 போனஸ் கொடுத்தால், ஒவ்வொன்றும் உண்மையில் போன விலை 2,000. அந்த போனஸ் மதியம் ஓட வேண்டியது. ஏஜென்சி அதை ராத்திரி எட்டு மணிக்குத் தள்ளப் பார்க்கும். எட்டு மணியில் இருப்பது அறுபதே துண்டு. அதில் யாருக்கு எது என்று பார்த்து நிறுத்துகிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேர்தல் நேரத்தில் கட்சி விளம்பரம் வந்தால், முன்சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்ற முடியாது. அந்தக் காகிதமும் உங்கள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏஜென்சி திட்டுவதைச் சொல்கிறீர்கள். அவர்களாவது எக்செல் தாளைப் பார்த்துத் திட்டுகிறார்கள். நேரடியாக வருகிற கடைக்காரர்கள் வேறு ரகம். எங்களிடம் ஒரு ஜவுளிக்கடை முதலாளி இருந்தார். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் குடும்பத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நாடகம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, பிரேக் எப்போது வரும் என்றுதான் பார்ப்பார். விளம்பரம் வராவிட்டால் அடுத்த நிமிடம் போன். "தம்பி, நம்முது வரலையே?" வந்துவிட்டால் இன்னும் மோசம். "பக்கத்துக் கடைக்காரன் விளம்பரம் நம்முதுக்கு அடுத்தாப்ல வருது, அது எப்படி?" போட்டிக் கடைகளை ஒரே பிரேக்கில் போடக்கூடாது என்பதை நான் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. அவரிடம்தான் கற்றேன். அவரிடம் மட்டும் டி.சி.யில் பொய் எழுதிப் பிழைக்கவே முடியாது, அவரே லாக்.

கதை இலாகாவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். விற்பனையிலிருந்து அங்கே மாற்றல் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். அபூர்வமாக நடக்கும். அங்கே போனாலும் வியாழக்கிழமை பார்க் எண்கள் (எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு) வந்ததும் கதையே திசை மாறும். எட்டு மணி நாடகம் பத்து மணிக்குப் போகும், அதிலிருந்த ஸ்பாட்டுகளை நீங்கள் பிரித்து அடுக்குவீர்கள், எழுதுகிறவர் அழுகைக் காட்சியைப் பிரேக்குக்கு முன்னால் நகர்த்துவார். உங்களுக்கு எழுத வேண்டுமென்றால் வீட்டில் எழுதுங்கள். சேனலுக்குத்தான் எழுத வேண்டுமென்றால், வெளியிலிருந்து ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் காட்டுவது கிட்டத்து வழி. எப்படியானாலும் பிரேக் எங்கே விழும், ஏன் விழும் என்று தெரிந்த எழுத்தாளர்கள் அதிகம் இல்லை.

விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த மெயிலுக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். மேக்-குட் போடச் சொன்னால் இருங்கள், ஒரு தீபாவளி சீசனையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள். ஏழு மாத அனுபவத்தை எந்த ஏஜென்சியும் கணக்கில் எடுக்காது. ஒரு முழு வருடம் ஷெட்யூலிங் செய்தவர் என்றால் மீடியா பிளானிங்கில் (விளம்பரத்தை எங்கே, எப்போது போடுவது என்று திட்டமிடும் பிரிவு) கூப்பிட்டுப் பேசுவார்கள். பதிலே வராமல் மேனேஜர் உங்களைத் தனியாக அழைத்து "சொன்னதைச் செய்" என்றால் வேறு இடம் தேட ஆரம்பியுங்கள். இன்றைக்கு நாலு ஸ்பாட், தீபாவளிக்கு நாற்பது ஆகும். ஆனால் அடுத்த வேலை கையில் வருகிற வரைக்கும் ராஜினாமா வேண்டாம். இப்போது உங்களைத் திட்டுகிற ஏஜென்சிக்காரர்களிடமே ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். யார் அனுப்பும் டி.சி.யைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.