மகளுக்கு டிஓ கல்லூரியில் இடம் கிடைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மகளுக்கு அமெரிக்காவின் டிஓ கல்லூரியில், அதாவது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில், இடம் கிடைக்குமா என்று கேட்ட உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை மதிப்பெண்களுக்காக. இரண்டாம் தடவை, நடுவில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிக்காக: "அமெரிக்கா வந்து இவ்வளவு செலவழித்து, புத்தூர் கட்டு கட்டவா படிக்கப் போகிறாள் என்று இவள் அப்பா கேட்கிறார்." முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இடம் கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கும் அந்த வரிக்கும் நீங்கள் நினைப்பதைவிட நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத் என்றால் தசையையும் மூட்டையும் கையால் சரிசெய்பவர். அவர் மருத்துவர் அல்ல. கூகுளில் தேடினால் அதுவும் இதுவும் கலந்து வரும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் டிஓ பட்டம் வாங்கியவர் முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் சேரலாம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் தொடங்கிய முதல் கல்லூரி இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்டி-க்கு மாணவர்கள் படிப்பதோடு, கையால் உடலைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் பயிற்சியும் இவர்களுக்குச் சுமார் 200 மணி நேரம் உண்டு. வித்தியாசம் பெரிதும் அவ்வளவுதான். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லி ஒரு டிஓ. அடுத்து பைடனைப் பார்த்துக்கொண்ட கெவின் ஓகானரும் டிஓ. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2020 முதல் எம்டி, டிஓ இருவருக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் ஒரு துறையில் பெறும் மருத்துவமனைப் பயிற்சி) இடங்கள் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. படிப்பை முடிக்கும் டிஓ மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மேட்ச் ஆகிறார்கள், அதாவது ரெசிடென்சி இடம் பெறுகிறார்கள். ஆனால் தோல் மருத்துவம், மூளை அறுவை சிகிச்சை, எலும்பு அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளில் டிஓ மாணவருக்குப் பாதை இன்னும் கரடுமுரடானதுதான். அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. உங்கள் மகள் குழந்தை மருத்துவம் என்கிறாள். அதற்கு இந்தப் பட்டம் எந்த வகையிலும் தடையில்லை.

இனி மதிப்பெண்கள். அறிவியல் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.48 என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டை வைத்து நான் போட்டுப் பார்த்தேன், 3.35 வருகிறது. பதறாதீர்கள், காரணம் இரண்டு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி வாங்கி, மறுபடி எடுத்து ஏ வாங்கியிருக்கிறாள். நீங்கள் அந்த சி-யைக் கழித்துவிட்டீர்கள். ஒரு காலத்தில் டிஓ விண்ணப்ப மையமான ஏகோமாஸ் அப்படித்தான் கணக்குப் போட்டது. 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். பழைய அறிவுரை மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, கால்குலஸில் வாங்கிய ஏ-யை அறிவியலில் சேர்த்திருக்கிறீர்கள். எம்டி விண்ணப்பத்தில் கணிதம் அறிவியலோடு சேரும், ஏகோமாஸில் சேராது.

சமீப ஆண்டுகளில் டிஓ கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 504-ஐ ஒட்டியும், மொத்த ஜிபிஏ 3.6-ஐ ஒட்டியும், அறிவியல் ஜிபிஏ 3.5-ஐ ஒட்டியும் இருக்கிறது. எம்டியில் அது எம்கேட் 511-க்கு மேல், ஜிபிஏ 3.7-க்கு மேல். உங்கள் மகளுக்கு எம்கேட் 506, மொத்த ஜிபிஏ 3.5. எம்கேட்டில் சராசரிக்குக் கொஞ்சம் மேலே, ஜிபிஏ-வில் கொஞ்சம் கீழே. சராசரி என்றாலே சேர்ந்தவர்களில் பலர் அதற்குக் கீழே இருந்தவர்கள்தான். அதைவிட முக்கியமாக, அவள் மதிப்பெண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். முதல் வருடம் தடுமாற்றம், அதற்குப் பிறகு நான்கு செமஸ்டரும் ஏற்றம். பயோகெமிஸ்ட்ரியில் ஏ. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஏற்றத்தைக் கவனிப்பார்கள். விழுந்த காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எனக்கு எழுதியதை, அவளே இரண்டு மூன்று வரியில், சாக்குச் சொல்வது போலில்லாமல் விண்ணப்பத்தில் எழுதலாம்.

எம்கேட் மறுபடி எழுத வேண்டுமா? வேண்டாம் என்பேன். நான்கு பகுதிகளில் மூன்று 127, 127, 128. வாசிப்புப் பகுதி மட்டும் 124. அந்தப் பகுதி மூன்று மாதத்தில் சட்டென்று ஏறுவதில்லை. மறுபடி எழுதி 503 வந்தால் அதையும் கல்லூரிகள் பார்க்கும். பயிற்சித் தேர்வுகளில் தொடர்ந்து 511, 512 வந்தால் மட்டும் யோசிக்கலாம். அந்த மூன்று மாதத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி இருக்கிறது.

அவள் விண்ணப்பத்தில் நான் கண்ட பெரிய ஓட்டை மதிப்பெண்ணில் இல்லை. கிளினிக்கில் 400 மணி நேரம் ஸ்கிரைபாக (மருத்துவருக்குக் குறிப்பெடுப்பவராக) வேலை பார்த்திருக்கிறாள், ஆம்புலன்ஸ் படையில் தன்னார்வலராக ஓடியிருக்கிறாள். எல்லாம் அருமை. ஆனால் ஒரு டிஓ மருத்துவரோடு ஒரு நாள்கூட நின்றதில்லை. இது டிஓ கல்லூரிகளில் உடனே கண்ணில் படும். பல கல்லூரிகள் டிஓ மருத்துவரின் சிபாரிசுக் கடிதத்தைக் கட்டாயமாகவோ, இருந்தால் நல்லது என்றோ கேட்கின்றன. அதோடு, ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி கட்டுரையிலும் நேர்முகத்திலும் "ஏன் டிஓ?" என்ற கேள்வி வராமல் இருக்காது. "முழு மனிதரையும் பார்க்கும் தத்துவம்" என்று எல்லா மாணவரும் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்திருக்கும். முதுகுவலியோடு வந்த ஒருவரின் முதுகில் மருத்துவர் கைவைத்துப் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன், இதைக் கண்டேன் என்று அவள் சொன்னால் அது வேறு.

உங்கள் கணவரின் வரிக்குத் திரும்புகிறேன். டிஓ என்றால் எம்டி கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று வீட்டில் தினமும் காதில் விழுந்தால், நேர்முகத்தில் பிள்ளையின் குரலில் அது வந்துவிடும். நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் நேர்முக அழைப்புகள் வந்தும் இடம் வரவில்லை. பயிற்சி நேர்முகத்தில் நான் கேட்டபோது "டிஓவும் பரவாயில்லை" என்றான். அந்த "பரவாயில்லை"யை அவன் வாயிலிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. அடுத்த வருடம் கிராமப்புறக் கிளினிக் ஒன்றில் ஒரு டிஓ மருத்துவரோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தான். இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறான்.

இது பிப்ரவரி. மே மாதத் தொடக்கத்தில் ஏகோமாஸ் திறக்கும். அதற்குள் இரண்டு டிஓ மருத்துவர்களோடு தலா 20 மணி நேரமாவது நின்றுவிட வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், அவரே டிஓவாக இருக்கக்கூடும். இருந்தால் உங்கள் மகள்தான் போய்க் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல. விண்ணப்பம் ஜூனில் போய்ச் சேரட்டும். கடைசித் தேதி பல மாதம் தள்ளித்தான் இருக்கும், ஆனால் அதை நம்பாதீர்கள். விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அதே விண்ணப்பம் டிசம்பரில் போனால் பந்தி முடியும் நேரத்தில் இலைபோட்டு உட்காருவது போலத்தான்.

எங்கெங்கே போடலாம்? நீங்கள் நியூஜெர்சிக்காரர்கள், ஆகவே முதலில் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் சூவெலிலும் உள்ள ரோவன்-வர்ச்சுவா. அரசுக் கல்லூரி, நியூஜெர்சி மாணவருக்கு அங்கே கட்டணமும் குறைவு. அப்புறம் பிலடெல்ஃபியாவின் பிகாம், லாங் ஐலண்டில் என்ஒய்ஐடி, ஹார்லமிலும் மிடில்டவுனிலும் டூரோ, பென்சில்வேனியாவின் ஈரியில் லீகாம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளைக் கழித்துவிடுங்கள், அவர்கள் முதலில் தங்கள் மாநிலத்தவரைத்தான் பார்ப்பார்கள். ஏகோமாஸை நடத்தும் சங்கத்தின் சூஸ் டிஓ எக்ஸ்ப்ளோரர் என்ற இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்று இருக்கும். 12 முதல் 15 கல்லூரி போதும். புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் ஒன்றை விசாரித்துவிட்டு: மூன்றாம், நான்காம் வருட மருத்துவமனைப் பயிற்சி எங்கே? பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர்களைப் பல ஊர் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாடு உறுதியாக இல்லாத கல்லூரியில் பிள்ளை திண்டாடிப் போவாள். டிஓ மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான காம்லெக்ஸின் தேர்ச்சி விகிதத்தையும் ரெசிடென்சி விவரத்தையும் அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். மகளுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதா, இன்னும் எச்-4 விசா (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) தானா? 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை எடுப்பதில்லை, எடுக்கும் சிலவும் கட்டணத்துக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லலாம். அப்படியிருந்தால் மேலே சொன்ன பட்டியல் முழுவதும் மாறும், ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேட்டுத்தான் போட வேண்டும். நம் பிள்ளைகள் பலரை இது கடைசி நேரத்தில் அடித்திருப்பதால் சொல்கிறேன்.

கிரீன் கார்டு இருந்தாலும் பணக் கணக்கு ஒன்று உண்டு. 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்கும் மாணவருக்கு, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். தனியார் டிஓ கல்லூரியில் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி வருகிறது, வாடகையும் சாப்பாடும் தனி. மீதியை யார், எப்படித் தருவது என்று நீங்களும் உங்கள் கணவரும் மகளை வைத்துக்கொண்டே பேசுங்கள். இடம் கிடைத்த பிறகு பேசலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆக, கிடைக்குமா? டிஓ மருத்துவரின் கடிதம், ஜூனில் விண்ணப்பம், சரியான பட்டியல் மூன்றும் அமைந்தால் அவளுக்கு மூன்று நான்கு நேர்முக அழைப்பாவது வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவள் இருக்கும் இடத்திலிருந்து அது நியாயமான ஆசை. இதே விண்ணப்பம் இதே நிலையில் அக்டோபரில் போனால் என் எதிர்பார்ப்பு பாதியாகக் குறையும்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேல் அவளையே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் கையில் இருக்கட்டும். சார் வீட்டில் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டு அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவருடைய கேள்விகளையும் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்